பத்து வெள்ளிச் சப்பாத்தும் சிபாயாக் எரிமலையும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் தோட்டத் தளவாடங்கள் விற்கும் கடைகளில், பால்வெட்டு உளி, மங்கு, செம்பனைக் குலை அறுக்கும் அரிவாள் ஆகியவற்றுக்கு நடுவே ரஃபியா கயிற்றில் ஜோடி ஜோடியாகக் கட்டித் தொங்கும் கறுப்பு ரப்பர் சப்பாத்தை அறியாதவர் எங்கள் ஊரில் இல்லை. மலாய்க்காரர்கள் விளையாட்டாக அதற்கு ‘அடிடாஸ் கம்போங்’ என்று பெயரிட்டார்கள். அந்த ஜெர்மானிய நிறுவனத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. விலை கடைக்குக் கடை சற்று மாறினாலும் பத்து வெள்ளியை (ரிங்கிட்டை) ஒட்டியே இருக்கும். பால்மரக் காட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் போகிறவர்கள் இதை அணிவது போலவே, சபாவின் கினாபாலு மலையில் சுமை தூக்குவோரும் வழிகாட்டிகளும் இதைத்தான் அணிகிறார்கள். அண்மைக் காலமாக நகரத்து மலையேற்றக் குழுவினரும் இதைத் தேடி வாங்கத் தொடங்கியுள்ளனர். இந்தச் சப்பாத்து நம் நாட்டுக் குன்றுகளில் நன்றாக உழைக்கிறது என்பது பலரும் எழுதிவிட்ட செய்தி. எரிமலை வாய் வரை ஏறி இறங்குவதற்கு இது போதுமா என்பதைப் பற்றி மட்டும் இங்கு எழுதுகிறேன். வட சுமத்ராவில் உள்ள சிபாயாக் எரிமலைக்கு எங்கள் ஊர்க் குழுவோடு போனபோது முழுப் பயணத்தையும் இதே சப்பாத்தோடு முடித்தேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேற்றில் இதை மிஞ்ச ஆளில்லை, எரிமலை வாயின் கற்களில் ஒருவாறு சமாளிக்கலாம், பாசி படிந்த சிமெண்டுப் படிகளில் இதை நம்பவே கூடாது.

சப்பாத்தின் அமைப்பு மிக எளிமையானது. மேற்பகுதி, அடிப்பகுதி என்று இரண்டாகச் செய்து பசையால் ஒட்டாமல், முழுவதையும் ஒரே வார்ப்பாக ரப்பரில் எடுக்கிறார்கள். கயிறு கட்டுவதற்கான துளைகள் போலத் தோன்றுபவை பெரும்பாலும் வெறும் அச்சு வேலைப்பாடுதான். அடியில் காற்பந்துச் சப்பாத்தில் இருப்பது போன்ற ரப்பர் முளைகள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே மெத்தை கிடையாது, பாதத்தின் வளைவைத் தாங்கும் மேடு கிடையாது, கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் கழுத்தும் கிடையாது. தண்ணீர் தாராளமாக உள்ளே வரும், ஆனால் ரப்பர் அதை உறிஞ்சி வைத்துக்கொள்வதில்லை. கழற்றிக் கவிழ்த்தால் முழுவதும் போய்விடும். தோல் சப்பாத்து ஓர் ஓடையைக் கடந்த பிறகு நாள் முழுவதும் ஈரத்தைச் சுமந்துகொண்டே வரும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஒரு குணத்தின் அருமை விளங்கும்.

மலையைப் பற்றியும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சப்பாத்தின் நிறைகுறைகள் அந்த நிலத்தின் தன்மையால் வெளிப்பட்டவை. சிபாயாக்கின் உயரம் ஏறத்தாழ 2,200 மீட்டர். எங்கள் பேராக் மாநிலத்தின் கொர்பு மலை 2,183 மீட்டர் என்பதால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரந்தான். ஆனால் கொர்புவுக்குக் கூடாரமும் அரிசியும் சுமந்து காட்டில் இரவு தங்கிப் போக வேண்டியிருக்க, சிபாயாக்கை அதிகாலையில் தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிடலாம். மலையடிவாரத்து ஊரான பெராஸ்தாகியே ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் இருப்பதுதான் இதற்குக் காரணம். பினாங்கிலிருந்து மேடானுக்கு விமானம் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. மேடானிலிருந்து பெராஸ்தாகிக்கு வளைந்து வளைந்து ஏறும் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போவதற்குத்தான் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நேரம் பிடிக்கிறது. சுமத்ரா நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது என்பதால், அங்கே விடியற்காலை நான்கு மணிக்கு எழுவது நம் உடம்புக்கு ஐந்து மணிக்கு எழுவதாகத்தான் தோன்றும். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் கூட்டத்துக்கு, எழுந்து பழகிய குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

புறப்படுவதற்கு முதல் நாள், தோட்டத்தில் பால்வெட்டி ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அம்மா, பையின் வெளியே நான் தொங்கவிட்டிருந்த சப்பாத்தைப் பார்த்துவிட்டு, “என்னா வாத்தியாரே, பெரட்டுக்குப் போற சப்பாத்தோடயா ஏரோப்ளேன் ஏறப் போறீங்க?” என்று சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் சொன்ன யோசனை பயனுள்ளது. காலுறை போடுவதற்கு முன்பு குதிகாலிலும் சுண்டுவிரல் பக்கத்திலும் தேங்காய் எண்ணெயை நன்றாகத் தேய்த்துக்கொள்ளும்படி சொன்னார். ரப்பர் விளிம்பு உராய்கிற இடங்கள் சரியாக அவை இரண்டுந்தான். எண்ணெய் தேய்த்த என் காலில் கொப்புளம் வரவில்லை. தேய்க்காத நண்பர் ஒருவர் இறங்கும்போது குதிகாலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்தார்.

ஜாராங்குடா என்ற கிராமத்தின் வழியாக ஏறுவதுதான் வழக்கமான பாதை. தொடக்கத்தில் இருப்பது பழைய தார்ச்சாலை. பல இடங்களில் தார் பெயர்ந்து சரளைக் கற்களாகிக் கிடக்கிறது. இப்படிப்பட்ட கெட்டியான தரையில் ரப்பர் சப்பாத்து மகிழ்ச்சி தராது. முளைகள் பாதத்தை அடியிலிருந்து ஒவ்வொன்றாகக் குத்துவதை உணர முடிகிறது. வாகனம் போகக்கூடிய தூரம் வரை வாகனத்தில் போய்விடுவதே நல்லது. சாலையில் நடந்துதான் ஆக வேண்டும் என்று விரும்புகிறவர்கள் அந்தப் பகுதிக்கு மட்டும் சாதாரண ஓட்டக் காலணியை அணிந்துகொண்டு, இதைப் பையில் வைத்துக்கொள்ளலாம். இதன் எடை அதற்குத் தடையாக இருக்காது.

சாலை முடிந்து மண்பாதை தொடங்கிய இடத்தில் நிலைமை தலைகீழாக மாறியது. பெராஸ்தாகியைச் சுற்றியுள்ள காரோ மேட்டுநிலத்தில் காய்கறியும் ஆரஞ்சும் அவ்வளவு செழிப்பாக விளைவதற்குக் காரணமான அதே எரிமலைச் சாம்பல் மண், மழை பெய்த மறுநாள் சோப்புக்கட்டி மாதிரி வழுக்குகிறது. நம் தோட்டத்துச் செம்மண் சேறு காலைப் பிடித்து இழுக்கும். இந்தக் கருமண்ணோ காலைத் தள்ளிவிடும். பலர் நடந்து நடந்து பாதை இடுப்பளவு ஆழத்துக்குக் கால்வாயாகக் குடைந்துபோயிருக்கிறது, அதன் அடியில் தண்ணீர் ஓடுகிறது. அந்த இடத்தில் முளைகள் மண்ணுக்குள் இறங்கிப் பிடித்துக்கொண்டன. முன்பாதத்தை அழுத்தி ஊன்றி ஏறினால் சறுக்கல் என்ற பேச்சே இல்லை. முளைகளுக்கு இடையில் தாராளமான இடைவெளி இருப்பதால் சேறு அப்பிக்கொண்டு நிற்காமல் அடுத்த அடியிலேயே உதிர்ந்துவிடுகிறது. விலையுயர்ந்த மலையேற்றச் சப்பாத்துகளின் நெருக்கமான பள்ளங்களில் சேறு நிரம்பி, சற்று நேரத்தில் அடிப்பாகம் மொழுமொழுவென்று ஆகிவிடுவதை முன்னால் நடந்தவர்களின் கால்களில் பார்த்துக்கொண்டே ஏறினேன்.

இந்தப் பகுதியில்தான் எங்கள் குழுவில் ஒருவருடைய சப்பாத்தின் அடிப்பாகம் முழுவதுமாகக் கழன்று சேற்றிலேயே தங்கிவிட்டது. அது நானூறு வெள்ளிக்கும் அதிகமாகக் கொடுத்து வாங்கிய, அதிகம் அணியாமல் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த சப்பாத்து. பத்திரமாக வைத்திருந்ததுதான் வினை. அவ்வகைச் சப்பாத்துகளின் நடு அடுக்கு பெரும்பாலும் பாலியூரித்தேன் நுரையால் ஆனது. காற்றில் உள்ள ஈரத்தோடு அது மெல்ல மெல்ல வேதிவினை புரிந்து, சில ஆண்டுகளில் உள்ளுக்குள்ளேயே பொடிந்துவிடும். அணிந்தாலும் அணியாவிட்டாலும் இது நடக்கும், அதிலும் நம் நாட்டின் வெப்பத்திலும் புழுக்கத்திலும் வேகமாக நடக்கும். வெளிப்பார்வைக்குப் புதிது போலவே இருக்கும் சப்பாத்து, முதல் சேற்றில் வாயைப் பிளந்துவிடுகிறது. வழிகாட்டியாக வந்த காரோ இளைஞர் ரஃபியா கயிற்றால் அதைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். அந்தக் கட்டு எரிமலை வாய் வரை தாங்கியது, இறங்கும்போது தாங்கவில்லை. ஒரே வார்ப்பாக ஊற்றிய ரப்பர் சப்பாத்தில் பிரிந்து போவதற்கு ஒட்டு என்று ஒன்று இல்லை என்பதே அதன் ஆகப்பெரிய பலம் என்று கருதுகிறேன். எரிமலைச் சரிவின் நடுவில் வெறுங்காலோடு நிற்க நேர்ந்தால் அருகில் கடை கிடையாது.

மரங்கள் குட்டையாகிப் பின் புதர்களாகி மறைந்த பிறகு, கண்ணுக்கு முன்பாகவே மூக்கு எரிமலையைக் கண்டுகொள்கிறது. அழுகிய முட்டை நாற்றம் காற்றோடு வந்து போகிறது. அதையடுத்து விமான நிலையத்துக்கு அருகில் வசிப்பவர்களுக்குப் பழக்கமான இரைச்சல் கேட்கிறது. பாறை இடுக்குகளிலிருந்து நீராவி அழுத்தத்தோடு பீறிடும் ஓசை அது. சிபாயாக் கடைசியாக வெடித்தது 1881-ஆம் ஆண்டில் என்று பதிவாகியிருக்கிறது. ஆனாலும் உள்ளே வெப்பம் அடங்கிவிடவில்லை. அந்த வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்றும் மலையின் மறுபக்கத்தில் இருக்கிறது. எரிமலை வாயின் தரையில் வந்து போனவர்கள் வெளிறிய கற்களை அடுக்கித் தங்கள் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள். பார்க்கச் சகிக்கவில்லை என்றாலும், மேலே விளிம்பில் நின்று பார்க்கும்போது அந்த எழுத்துகளின் அளவைக் கொண்டுதான் பள்ளத்தின் பெரும்பரப்பை மனம் அளந்துகொள்கிறது.

நீராவித் துளைகளின் ஓரங்களில் கந்தகம் மஞ்சள் ஊசிகளாகப் படிந்திருக்கிறது. குனிந்து பார்த்தால் ஒவ்வோர் ஊசியும் மயிரிழை அளவு மெல்லியதாய், நுனியில் ஒரு நீர்த்துளியோடு நிற்கிறது. சப்பாத்து பட்டதும் நொறுங்கிப் பொடியாகி, முளைகளின் இடுக்குகளில் மஞ்சள் கோடாக ஒட்டிக்கொள்கிறது. என் காலில் இருந்ததும் கந்தகத்தால் பதப்பட்டதுதான். பால்மரத்திலிருந்து வடியும் பாலை உறைய வைத்து எடுத்த ரப்பர், அப்படியே விட்டால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து வெடிக்கும். 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் அதோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கும் வழியைக் கண்ட பிறகுதான் அது சப்பாத்துக்கும் டயருக்கும் ஏற்ற பொருளாயிற்று. 1877-இல் பிரேசில் வித்திலிருந்து வந்த கன்றுகளில் சிலவற்றை எங்கள் பக்கத்து ஊரான கோலகங்சாரில் நட்டார்கள், அவற்றில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. அந்த மரத்தை அடிக்கடி கடந்து போகிறவன் என்ற முறையில், கந்தகப் பாறை மேல் ரப்பர் சப்பாத்தோடு நின்றதில் எனக்கு ஒரு தனித் திருப்தி இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. வாசகருக்கு இது பயன்படாத செய்தியாக இருக்கலாம்.

பயன்படக்கூடிய செய்தி அமிலத்தைப் பற்றியது. எரிமலைப் புகையில் உள்ள கந்தக வாயுக்கள் ஈரத்தில் கரைந்து அமிலமாகின்றன. அந்த ஈரத்தில் நடந்தால் தோல் சப்பாத்து பின்னர் விறைத்துப்போகும், உலோக வளையங்கள் கறுத்துவிடும். ரப்பரோ நீர்த்த அமிலத்தை நன்றாகத் தாங்குகிறது. தோட்டத்து ரப்பர் ஆலைகளில் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் சிந்திய தரையில் நின்று வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலையிலிருந்து இறங்கியதும் ஒரு வாளித் தண்ணீரில் அலசினேன், சப்பாத்து வாங்கிய அன்று இருந்தபடியே ஆகிவிட்டது.

குறைகளும் எரிமலை வாயில்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. முதலாவது வெப்பம். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும். நீராவி வெளிவரும் துளைகளைச் சுற்றியுள்ள தரை கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. ரப்பர் உருகிவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. ஆனால் உள்ளே மெத்தையோ அட்டையோ இல்லாததால் சூடு நேராகப் பாதத்துக்கு வந்துவிடுகிறது. ஒரு வகையில் இதை நல்ல எச்சரிக்கை என்றே கொள்ளலாம், ஏனென்றால் கால் சுடுகிற இடத்தில் மண் மேலோடு மெல்லியதாக இருக்கக்கூடும், அங்கே நிற்பதே தவறு. இரண்டாவது, கூரிய கற்கள். சேற்றில் அருமையாகப் பிடித்த அதே மென்மையான அடிப்பாகம், உடைந்த எரிமலைப் பாறைகளின் ஒவ்வொரு விளிம்பையும் பாதத்துக்கு அறிவித்துக்கொண்டே இருக்கிறது. உச்சிக்குப் போகும் சரிவில் கால் வைத்தால் கற்கள் சரிந்து ஓடுகின்றன. சப்பாத்தின் மேல்விளிம்பு தாழ்வாக இருப்பதால் பொடிக்கற்கள் உள்ளே புகுந்துவிடுகின்றன, சற்றைக்கொரு தரம் உட்கார்ந்து கவிழ்த்துக் கொட்ட வேண்டியிருந்தது. கணுக்கால் பிசகும் வழக்கம் உள்ளவர்கள் இந்தச் சரிவில் இதை அணியக்கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். மூன்றாவது, குளிர். விடியற்காலையில் உச்சியில் வெப்பநிலை சுங்கை சிப்புட்டை விடப் பதின்மூன்று, பதினான்கு பாகை குறைவாக இருக்கும். ஈரக் காலுறையோடு சூரிய உதயத்துக்காகக் காத்திருக்கும்போது விரல்கள் மரத்துவிடுகின்றன. மேலே போனதும் மாற்றிக்கொள்ள உலர்ந்த காலுறை ஒரு ஜோடி பையில் இருப்பது அவசியம்.

எந்தச் சப்பாத்தாலும் காக்க முடியாத ஆபத்துகளும் அங்கே உண்டு. முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, பள்ளங்களில் தேங்கும். அடர்த்தி அதிகமானால் மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும் என்பதால், நாற்றம் நின்றுவிட்டது என்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிபாயாக்கின் உச்சியிலிருந்து எதிரே தெரியும் சினாபுங், சுமார் நானூறு ஆண்டுகள் உறங்கிய பின் 2010 ஆகஸ்டில் விழித்தெழுந்தது. 2014 பிப்ரவரியில் அதன் அனல் மேகம் தடை செய்யப்பட்ட பகுதிக்குள் போனவர்கள் பத்துக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. மேற்குச் சுமத்ராவின் மாராப்பி 2023 டிசம்பர் 3 அன்று வெடித்தபோது இருபதுக்கும் அதிகமான மலையேறிகள் மாண்டார்கள். அப்போது அந்த மலை நான்கு படிகள் கொண்ட எச்சரிக்கை அளவில் இரண்டாம் படியில்தான் இருந்தது. புறப்படும் வாரத்திலும் புறப்படும் நாளிலும் இந்தோனேசிய எரிமலைக் கண்காணிப்பு மையத்தின் அறிவிப்பைப் பார்க்காமல் யாரும் ஏறக்கூடாது. தீபகற்ப மலேசியாவில் இயங்கும் எரிமலை இல்லாததால் நமக்கு இந்தப் பழக்கம் இல்லை. ஆனால் சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்பு சுமத்ராவின் தோபா வெடித்தபோது பறந்து வந்து விழுந்த சாம்பல், எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத லெங்கோங் பள்ளத்தாக்கில் இன்றும் படிவாகக் கிடக்கிறது.

இறங்குவதற்கு எங்கள் குழு மறுபக்கம், செமாங்கட் குனுங் கிராமத்துப் பாதையைத் தேர்ந்தெடுத்தது. கீழே வெந்நீர்க் குளங்கள் இருப்பதால் பலரும் இந்த வழியையே விரும்புகிறார்கள். மூங்கில் காட்டின் நடுவே செல்லும் இப்பாதையில் சிமெண்டுப் படிகள் கட்டியிருக்கிறார்கள். பல படிகள் உடைந்து சாய்ந்து, மேலெல்லாம் பச்சைப் பாசி படர்ந்திருக்கிறது. ரப்பர் சப்பாத்து இங்கே முற்றிலும் கைவிட்டது. முளைகள் இறங்குவதற்கு மண் இல்லை, முளைகளின் நுனி மட்டுமே தரையைத் தொடுவதால் பிடிமானமும் இல்லை. படிகளை விட்டு ஓரத்து மண்ணில் கால் வைத்து இறங்கியபோதுதான் நிம்மதியாக இருந்தது. அதோடு, இறக்கத்தில் பாதம் முன்னோக்கிச் சரிந்து பெருவிரல் நகம் ரப்பரில் இடித்துக்கொண்டே வரும், அதைக் கட்டி நிறுத்தக் கயிறும் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறிய வழியிலேயே இறங்கிவிட்டு, வெந்நீர்க் குளத்துக்கு வாகனத்தில் போவதே மேல்.

வாங்க நினைப்பவர்கள் வழக்கமான அளவைவிட ஓர் அளவு பெரியதாக எடுத்து, காற்பந்து விளையாடுவோர் அணியும் நீளமான தடித்த காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் காலுறை இரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சிக்கும் ஓரளவு தடையாக இருக்கும். உள்ளே ஒரு மெல்லிய அட்டை மெத்தையை வெட்டி வைத்துக்கொண்டால் முளைகள் குத்துவதும் தரைச்சூடும் பாதியாகக் குறைகின்றன. நல்ல மெத்தை சப்பாத்தின் விலைக்கே விற்கிறது, ஆனால் அந்தச் செலவு தகும். கடையில் எடுக்கும்போது முளைகளை விரலால் வளைத்துப் பார்ப்பது நல்லது: விறைப்பாக இருந்தால் அது வெயிலில் நீண்ட நாள் தொங்கிய சரக்கு, வேறு ஜோடி கேட்க வேண்டும். பயன்படுத்திய பின் வெயிலில் காய வைக்காமல் நிழலில் கவிழ்த்து வைத்தால் ரப்பர் வெடிக்காது. முளைகள் தேய்ந்து பாதியானதும் மலைக்கு அதை விடுத்து, வீட்டுத் தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் கடைத்தெருவில் பெரிய அளவுகள் எப்போதும் கிடைக்கின்றன. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஏற்ற சிறிய அளவுகள் வந்த வேகத்தில் தீர்ந்துவிடுவதால், கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் மதியத்தோடு கடையை மூடிவிடுவார்கள்.